மூன்றாம் கொதி

சைலியான் இரண்டாம் சாற்றை வடித்துவிட்டு முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். ஹுவாங்சி மூலிகை வேரை இருமுறை கொதிக்கவைத்து, அந்தச் சாற்றைத் தீவனத்தில் பிசைந்து புல்கெண்டைகளுக்குப் போட்டால் நோய் அண்டாது. நாலு வருஷமாக இந்த மீன்பண்ணையில் அவளுக்கு அண்டாதான் கதி. சக்கையை முதலாளியின் மச்சினன், ஆரஞ்சுத் தோப்புக்கு உரம் என்று சொல்லி வண்டியில் ஏற்றிப் போவான். வேர் மூட்டைகளைக் கொண்டுவந்து விற்பவனும் அவன்தான்.

ஒரு பிடிச் சக்கையை அவள் பையில் போட்டுக்கொண்டாள். நெஞ்சுச் சளியோடு படுத்திருக்கும் கணவன் தேபாவுக்கு அதைத்தான் மூன்றாம் முறையாகக் கொதிக்கவைத்துக் கொடுப்பாள். "இப்ப தேவல" என்பான் அவன், இருமலை அடக்கிக்கொண்டு.

அன்று மேல்குளத்தில் வயிறெல்லாம் ரத்தப்புள்ளியோடு மீன்கள் செத்து மிதந்தன. முதலாளி தன் மச்சினனோடு வந்து நின்றார்.

"பையைக் காட்டு."

"சக்கைதாங்க, முதலாளி."

"சக்கையா? நல்ல வேரைப் புருஷனுக்குக் கொடுத்துட்டு, என் மீனுக்கு வெந்நி ஊத்தியிருக்க!"

"நான் அப்பவே சொன்னேனே அத்தான், இவ கை சரியில்லன்னு" என்றான் மச்சினன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு மாசமா சாறு மஞ்சளாவே இறங்கலைன்னு உங்ககிட்ட நான்தானே சொன்னேன்? இந்த வேரை மென்னு பாருங்க, இனிப்பே இல்ல!" காலையில் வந்திறங்கிய மூட்டையைப் பிரித்துக் கையை விட்டாள். வேரோடு ஒரு விரலுறையும் வந்தது. அவளுடைய வெட்டுக்காயத்துக்காக சைக்கிள் டியூபை வெட்டி, சிவப்பு நூலால் தேபாவ் தைத்துக் கொடுத்தது. போன வாரம் சக்கையோடு சக்கையாக வண்டியில் போய்விட்டது.

"போன வாரம் சக்கையோட போனதுங்க இது" என்று முதலாளியிடம் நீட்டினாள். சக்கைதான் காய்ந்து மூட்டையாகத் திரும்பி வந்திருக்கிறது. மூன்று மாதமாக தேபாவும் வெந்நீரைத்தான் குடித்திருக்கிறான்.

முதலாளி விரலுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார். அவன் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்ப கைய விட்டப்ப நீயே போட்டிருப்ப. நாளைலேருந்து வராத."

விரலுறையை அடுப்புக்குள் எறிந்தார். ரப்பர் கருகி நாறியது. பக்கத்தில் நின்ற இன்னொரு வேலைக்காரி அஸியாங்கிடம், "நீ கொட்டும்மா. ரெண்டு தரம் நல்லாக் கொதிக்கட்டும்" என்றார்.

அஸியாங் சைலியானின் முகத்தைப் பார்க்காமல் மூட்டையைக் கவிழ்த்தாள். தண்ணீர் மஞ்சளாகாமலே தளதளவென்று கொதித்தது. அண்டாவின் அடி பளிச்சென்று தெரிந்தது.