அம்மா கேட்ட கேள்விகள்

மார்பைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது, அம்மா ஷர்புன்னிசா கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கக்கூட இல்லை. "இன்னா பேச்சுடி ருக்ஷானா இது? அல்லா குடுத்தத அறுத்துப் போடுவியா?" என்று கேட்டுவிட்டு அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் எங்கள் துணிக்கடையில் நாளெல்லாம் நின்று புடவை விரித்துக் காட்டுபவள் நான். கழுத்து விண்விண்ணென்று தெறிக்கும். பாடிப் பட்டை அழுத்தி அழுத்தித் தோள் இரண்டிலும் பள்ளமே விழுந்துவிட்டது. வெயில் காலத்தில் மார்புக்கடியில் வேர்த்துப் புண்ணாகும். கரியாலூர் பக்கம் அருவிக்குப் போனாலும் எல்லாரும் குளிப்பார்கள், நான் புர்காவோடு கரையில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஆபரேஷன் முடிந்தால் கொஞ்ச நாள் கையைத் தூக்கக்கூடாதாம். தலை வாரிவிடக்கூட ஆள் வேண்டும். அம்மாவை விட்டால் எனக்கு யார்? அவள் சரி என்றால்தான் நடக்கும்.

டாக்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவள் இறங்கி வந்ததே பெரிய விஷயம். சேலத்துக்குப் பஸ் ஏறினோம்.

டாக்டர் எழில்மதி எதையும் ஒளிக்கவில்லை. தழும்பு மங்கும், முழுசாக மறையாது. காம்பில் உணர்ச்சி குறையலாம். பிற்பாடு பிள்ளைக்குப் பால் கொடுப்பது சிலருக்குச் சிரமமாகலாம். பால் என்றதும் அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஆனாலும் வேண்டும் என்றேன். அம்மாதான் விடவில்லை. எங்கே வெட்டுவீர்கள், எப்போது குனிந்து பெருக்கலாம் என்று கேட்டுக்கொண்டே போனாள். சுகர் இருந்தால் செய்யலாமா என்று வேறு கேட்டாள். எனக்கு ஏது சுகர்? காரியத்தைக் கெடுக்கத்தான் வழி தேடுகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கட்டுக்குள் இருந்தால் செய்யலாம் என்றார் டாக்டர்.

ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டதற்கு இல்லை என்றேன். எங்கள் வீட்டில் விடியற்காலை பஜர் தொழுகை முடிந்ததும் நானும் அம்மாவும் ஆளுக்கொரு தம்ளர் வெந்நீரில் கருஞ்சீரகப் பொடி கலக்கிக் குடிப்போம். அதைப் போய் மருந்து என்று யாராவது சொல்வார்களா? கிளம்பும் நேரத்தில் அம்மாதான் அதையும் கேட்டுவைத்தாள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதனால் ரத்தக்கசிவு அதிகமாகலாம், ஆபரேஷன் என்று முடிவு செய்தால் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தொழுதுவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஆவி பறக்க இருக்கவேண்டிய தம்ளர்கள் இரண்டும் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன. எனக்கு நிறுத்திவிட்டாள் என்றால் சரி என்றுதானே அர்த்தம்! சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டேன்.

அம்மா ஜாக்கெட்டைத் தோளிலிருந்து லேசாக விலக்கினாள். என்னுடையதைவிட ஆழமான பள்ளம், கன்றிக் கருத்துப் போயிருந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே!

"என்னாட்டம் சுகர் இருக்கறவங்களுக்கும் பண்லாம்னு சொன்னாங்களே" என்றாள். "மொதல்ல உனக்கு ஆவட்டும், நான் பாத்துக்கறேன். அப்பால நீ எனக்குத் தல வாரி வுடு."