நாலு இஞ்ச் குழாய்

கம்பெனி கட்டிய கடலில் நீந்திக்கொண்டிருந்த மீன் ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, குழாய்க்காரியின் வீட்டுச் சமையலறைக் குழாய் வழியாகப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வந்து விழுந்தது. நீல உடம்பில் மஞ்சள் கோடு போட்ட மீன். வாடை என்பது மருந்துக்கும் கிடையாது. எண்ணெயில் போட்டால் பொரிகிற ஓசை மட்டும் வந்தது, சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் மீன் வந்துவிட்டது. ஒரு வீட்டில் படகுத் துடுப்பு வந்தது. தையல் கடையில் பாதி சூரிய அஸ்தமனம் வந்தது. வெளிச்சத்துக்கு ஆகுமே என்று தையல்காரர் அதை வாளியில் பிடித்து மூடிவைத்தார்.

அந்தக் கடலின் கரையில் ஒரு நகரமும் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால் அங்கே போய்விடலாம். முதல் வருடம் சனங்கள் பொழுதுபோக்குக்குப் போனார்கள். இரண்டாம் வருடம் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போனார்கள். மூன்றாம் வருடம் போனவர்களில் பாதிப்பேர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. குழாய்க்காரியின் கணவர் இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். பேருந்துகள் தாங்களே ஓடக் கற்றுக்கொண்ட மாதம், அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரமும் ஒரு கண்ணாடியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக்குள் போனவர் அங்கே கியர் போட்டு ஓட்டுகிற பழைய பேருந்து ஒன்றைக் கண்டார். அவ்வளவுதான், ஒன்பது மாதமாக ஆள் திரும்பவில்லை. உடம்பு மட்டும் முன்னறை நாற்காலியில் இருந்தது. காலையிலும் மாலையிலும் அவருடைய தங்கை கரண்டியால் கஞ்சி ஊட்டினாள், அண்ணன் விழுங்கினார். குழாய்க்காரிக்கு அவர்மேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. அதைவிட அதிகமாக அவருக்குக் கொடுத்த அந்தச் சுவர்க்கடிகாரத்தின்மேல் இருந்தது. அதை அவள் மாட்டவே இல்லை.

மீன் வந்த அன்றே அவள் வேலையில் இறங்கிவிட்டாள். திருப்புளியின் நுனியைக் குழாயிலும் பிடியைக் காதிலும் வைத்து வீடுவீடாகக் கேட்டுக்கொண்டு போனாள். அவள் வேலை செய்யும் முறை அதுதான். சத்தம் தெருக்கோடியில் இருந்த ஜன்னல் இல்லாத கட்டடத்தில் போய் முடிந்தது. அந்த நகரத்தை நடத்தும் இயந்திரங்கள் அங்கேதான் இருந்தன. அவை சூடேறாமல் இருக்க ஊர்த் தண்ணீர் ஓயாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. உள்ளே போன தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்பாமல் தடுக்க ஒருவழி வால்வு என்று ஒன்று உண்டு, உள்ளங்கை அளவுப் பித்தளைச் சாமான், எந்தக் கற்றுக்குட்டியும் அதை மறக்க மாட்டான். கம்பெனி மறந்திருந்தது. அவர்களுடைய குழாய்ப் படத்தை வரைந்தது இயந்திரம். அதன் ஆயுளில் அது ஒருமுறைகூட நனைந்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்வார் என்பதால் தெருவில் அவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர் விழுந்துவிட்டது. வால்வைப் பொருத்த வேண்டும், அந்தப் பகுதியில் குழாய் வேலைக்கு உரிமம் உள்ளவள் அவள் என்பதால் சட்டப்படி அவள் கையெழுத்தும் வேண்டும் என்றார். குழாய்க்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வால்வு போட்டா அங்க இருக்கறவங்க இந்த வழியா வரமுடியாது, அப்படித்தானே சார்?"

"அவங்க ஏம்மா வரணும்? சந்தோஷமாத்தானே இருக்காங்க."

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் அவள் கணவரின் இணைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும் என்றும் அதே சிரிப்போடு சொன்னார். துண்டித்தால் என்ன ஆகும் என்பது தெருவுக்கே தெரியும். மாடிவீட்டு வங்கிக்காரர் புதிய நிபந்தனைகளுக்குச் சம்மதிக்காததால் போன வருடம் அவரைத் துண்டித்தார்கள். அவர் இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கக் கணக்கிலும் இல்லை. திறந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார், அவருடைய மனைவி அவர் எதிரில் நின்று தினமும் பேசிப் பார்க்கிறாள்.

"கையெழுத்துப் போட்டுடுங்க அண்ணி," என்று நாத்தனார் அழுதாள். "அங்கயாவது உசிரோட இருக்கட்டும்."

"போட்டா உங்கண்ணன் அங்க உசிரோட இருப்பாரு. போடலன்னா எங்கயும் இருக்கமாட்டாரு. ரெண்டையும் அவனே எழுதிக் குடுத்துட்டு, எதுவேணும்னு நம்மள கேக்குறான் பாரு."

புதன்கிழமை மதியம் அவள் சமையலறைக் குழாயைக் கழற்றிவிட்டு, சுவரில் மிஞ்சிய துளையில் வாயை வைத்து அவரைக் கூப்பிட்டாள். அதுவரை யாருக்கும் தோன்றாத விஷயம். மூன்று முறை கூப்பிட்டபின், தண்ணீருக்கு நடுவிலிருந்து அவர் குரல் தெளிவாக வந்தது.

"என்னம்மா, டிரிப்புல இருக்கேன்."

"கிளம்பி வாங்க. நாளைக்கு விட்டா வழி கிடையாது."

"பஸ்ஸ விட்டுட்டு வரமாட்டேன். ஒருதடவ புடுங்கிட்டாங்கல்ல, போதும். வண்டி நெறய ஆளு வேற இருக்கு."

"உங்களை யாரு விட்டுட்டு வரச்சொன்னா? பஸ்ஸோட வாங்க!"

சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் அரை இஞ்ச் குழாயில் பேருந்து வராது என்பது உறைத்தது. எத்தனை இஞ்ச்சில் வரும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை, அவளிடம் இருந்ததில் பெரியது நாலு இஞ்ச். வியாழக்கிழமை விடிந்ததும் சுவரை உடைத்தாள். நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டுச் செங்கல் சுமந்தாள். தையல்காரரும் வங்கிக்காரரின் மனைவியும் சேர்ந்துகொள்ள, பத்து மணிக்கெல்லாம் தெருவை வெட்டிக் கட்டடத்தின் வாசல் இணைப்புவரை நாலு இஞ்ச் குழாயைப் போட்டு, இந்த முனையைத் தெருவைப் பார்த்துத் திருப்பிவைத்தார்கள். சிரிப்பு சார் ஓடிவந்து இது சட்டவிரோதம் என்றார். உரிமம் பெற்றவள் செய்கிற வேலையில் மூக்கை நுழைப்பதுதான் சட்டவிரோதம் என்று அவள் உரிம அட்டையை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். பிறகு வழக்கம்போல, "திறக்கிறேன், விலகிக்கோங்க!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்திவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினாள்.

முதலில் மீன்கள் வந்தன, பிறகு கொஞ்சம் மணல். பதினொன்று ஐந்துக்கு முன்விளக்குகள் தெரிந்தன. பேருந்து எந்த இடத்திலும் நசுங்கவில்லை, குழாயும் விரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாராலும் எந்தக் கணத்தில் அது பெரிதானது என்று சொல்ல முடியவில்லை. நனைந்து சொட்டச்சொட்ட வந்து தையல் கடைக்கு முன்னால் பிரேக் போட்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அவர் இருந்தார், ஒன்பது மாதத் தாடியோடு. வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பார்த்த நாத்தனார் நாற்காலியில் கண்ணாடி மட்டும் கிடக்கிறது என்று கூவினாள். பின்னால் முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் துண்டிக்கப்பட்டவர்கள். போக இடமில்லாமல் மாதக்கணக்காக அந்தப் பேருந்திலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவர்தான் ஒருவரையும் இறக்கிவிடவில்லை. வங்கிக்காரர் இறங்கி, சட்டையைப் பிழிந்தபடி, வீட்டில் யாராவது தேடினார்களா என்று கேட்டார். அவர் மனைவி அவரை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

குழாய்க்காரி கணவரிடம் போனாள். அவர் ஈரக்கையைப் பிடித்து, எலும்பு எலும்பாகத் தடவிப் பார்த்தாள். ஆள்தான் என்று உறுதியானபின் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் அவள் பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை சிரிப்பு சார் படிவத்தோடு வந்தார். குறைபாடு என்று இருந்த கட்டத்தில் "ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கம்பெனி பேருந்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. கற்பனை என்று அவர்களே பதிவுசெய்திருந்த வண்டியைப் பறிமுதல் செய்ய நீதிமன்றத்துக்கு வழி தெரியவில்லை. எரிபொருள் போடும் மூடியே அதில் இல்லாததால் அது எதில் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. வால்வை மாட்டுவதற்கு வேறு ஊர்களிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்தார்கள். நால்வரும் குழாய்க்காரியைப் பார்த்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், வந்த வழியே போய்விட்டார்கள். பத்து வருடமாகக் குழாய் திறந்தே இருக்கிறது. போகிறவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்கள், பசித்தால் வந்துவிடுகிறார்கள். கம்பெனியும் அதைத் தன்னுடைய சேவைகளில் ஒன்றாக விளம்பரத்தில் சேர்த்துவிட்டது.

தானாக ஓடும் பேருந்துகளுக்கு நடுவே அந்த ஒரு பேருந்தும் ஓடுகிறது. போன மாதம் அது நான்கு நிமிடம் தாமதமாக வந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் ஓட்டுநரைப் பிடித்து வாங்குவாங்கென்று வாங்கினார்கள். அவரும் விடவில்லை, ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் கொடுத்தார். பேசித் தீர்த்தபின் எல்லோரும் திருப்தியாக ஏறி, ஈர இருக்கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.