எடுத்த இடம்: எட்டாம் கிடங்கு

கட்டுரையில் எழுபத்தொரு சதவீதம் வேறொருவன் எழுதியது என்று கணினி சொல்லிவிட்டது.

மாலைக் கல்லூரி ஆசிரியை திருட்டு என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. "ஒத்துப்போகுது ஐயா" என்றுதான் சொன்னாள். திரையில் எழுத்தாணியின் கட்டுரை காமாலை பிடித்த கண் மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. மஞ்சள் பூசின இடமெல்லாம் ஏற்கெனவே அச்சில் வந்த இடம்.

கிடங்கில் அவருக்கு எழுத்தாணி என்று பட்டப்பெயர். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முப்பது வருடம் மூட்டை தூக்கிய முதுகு இனி தாங்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார். எடைமேடையில் உட்கார்ந்து பதிவு எழுதும் வேலை காலியாக இருந்தது. அதற்கு மாலைக் கல்லூரிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு இந்த ஒரு கட்டுரைதான் பாக்கி: தன் தொழிலைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை.

"எந்தக் கட்டுரையோட ஒத்துப்போகுது டீச்சர்?"

அவள் இன்னொன்றைத் திறந்து காட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆய்விதழில் வந்தது. எழுத்தாணி விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "மூட்டை ஏறும்போது கனப்பதில்லை, இறங்கிய பிறகே கனக்கிறது." அடுத்த வரி, ஈர மூட்டையை இடது தோளுக்கு மாற்றும் விதம். அதற்கடுத்து, லாரிக்குச் சாய்த்த ஏறுபலகையில் முன்னால் போகிறவனோடு கால் சேர்த்து நடக்கக்கூடாது, சேர்ந்தால் பலகை துள்ளும் என்பது. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஒரு பெயர். கீழே ஒரு வாக்கியம்: "இவை என் கள ஆய்வில் நான் கண்டறிந்தவை."

அவர் விரலால் அந்தப் பெயரைத் தட்டினார்.

"இவனை எனக்குத் தெரியும் டீச்சர். நாலு நாள் எங்க கிடங்குல உக்காந்திருந்தான். அண்ணே அண்ணேன்னு தேனா ஒழுகுனான். நான் எழுதி வச்ச நோட்டைப் பாத்துட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனவன்தான். இவன் ஒரு மூட்டையத் தொட்டுப் பாத்திருப்பானா? கண்டறிஞ்சானாம்."

"அந்த நோட்டுக்கு நகல் இருக்கா?"

இல்லை. இருந்தது ஒரே நோட்டு. இந்தக் கட்டுரையை அவர் மனத்திலிருந்துதான் எழுதினார். தன் வரி தனக்கு மறக்குமா?

"சுலபமான வழி ஒண்ணு இருக்கு" என்றாள். "அவர் கட்டுரையிலேருந்து எடுத்ததுன்னு ஒவ்வொரு இடத்துலயும் குறிப்புப் போட்டுடுங்க. திங்கட்கிழமை குடுத்தா நான் தேர்ச்சி போட்டுடுவேன்."

"என் வீட்டுச் சாவியத் திருடினவன்கிட்டயே போய், உள்ள வரட்டுமான்னு கேக்கச் சொல்றீங்க."

அவள் அவருடைய கட்டுரையை மறுபடி திறந்தாள். பிறகு சொன்னாள்: "வாய்மொழியா சொன்னதும் ஆதாரம்தான் ஐயா. ஆனா 'தொழிலாளர்கள் சொல்வார்கள்'னு மொட்டையா எழுதியிருக்கீங்க. யாரு சொன்னா, எங்க, எப்போன்னு வேணும். அவங்க கையெழுத்தும் வேணும்."

அங்கேதான் முள் இருந்தது. எட்டாம் கிடங்கில் யாரும் யார் பெயரையும் சொல்வதில்லை. ஒருமுறை பலகை விரிசல் விட்டதென்று ஒருவன் மேலிடத்தில் சொல்லிவிட்டான். எவன் சொன்னான் என்று மேஸ்திரி கேட்க, யாரோ பெயரைச் சொல்லிவிட, மறுநாளிலிருந்து அவனுக்கு அங்கே வேலை இல்லை. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "எல்லாரும்தான் சொன்னோம்." அந்த ஆய்வாளன்கூட, யார் சொன்னதாகப் போடட்டும் என்று கேட்டான். "எல்லாரும் சொன்னதாப் போட்டுக்கங்க தம்பி" என்று இவர்தான் சொன்னார். எல்லாரும் என்ற அந்த ஒரு சொல்லைக்கூட அவன் போடவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

மறுநாள் லாரிக்குக் காத்திருந்த நேரத்தில் எழுத்தாணி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டை கனக்கிற அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டினார்.

கழுத்து நீண்டதால் கொக்கு என்று பெயர் வாங்கியவன் பீடியை அணைத்தான். "அண்ணே, அது நான் சொன்னது."

"எது?"

"இறங்கின பெறகுதான் கனக்கும்னு. என் மச்சினன் இடுப்பு ஒடிஞ்சு படுத்தப்போ சொன்னேன். நீதான் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்ட."

"அதான் தொழிலாளர்கள் சொல்வார்கள்னு போட்டேனே."

"அவன் நான்னு போட்டான். நீ தொழிலாளர்கள்னு போட்ட. ரெண்டுலயும் நான் எங்க இருக்கேன்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எழுத்தாணிக்குக் கோபம் தலைக்கேறியது. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. "உன் பேரு வந்தா மேஸ்திரி சும்மா விடுவானாடா? உன் நல்லதுக்குத்தான்டா விட்டேன்."

"அத என்னக் கேட்டியா?"

கேட்கவில்லை. அந்த வார்த்தை நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

"இப்போ கேக்கறேன்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "போடட்டுமா?"

"போடு. மேஸ்திரி என்னைக்கு ஆய்வுக் கட்டுரை படிச்சான்? சாராயக்கடை போர்டையே படத்தைப் பாத்துத்தான் கண்டுபிடிப்பான்."

கொக்கு பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டான். இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். ஒருவர் கைநாட்டு வைத்தார். பொட்டலம் என்று கூப்பிடப்படுகிற குள்ளமான ஆள் மட்டும் தாளைத் தொடவில்லை. பலகையில் கால் மாற்றி நடக்கிற சூட்சுமம் அவர் சொன்னது.

"வேணாம்பா. ரெண்டு பிள்ளைங்க படிக்குது. என்னை விட்டுரு."

எழுத்தாணி வற்புறுத்தவில்லை. பலகைப் பத்தியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார். கட்டுரையிலேயே உருப்படியான பத்தி அதுதான். அது இனி அந்த ஆய்வாளன் பெயரோடு மட்டும்தான் உலகத்தில் நடமாடும் என்று நினைத்தபோது பேனா முனை தாளைக் கிழித்தது. வேறு தாள் எடுத்து மறுபடி எழுதினார்.

திங்கட்கிழமை ஆசிரியை படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே குறிப்பு இருந்தது: சொன்னவர் பெயர், செய்யும் வேலை, எட்டாம் கிடங்கு, சொன்ன மாதம். தான் கண்டதற்குத் தன் பெயரையே போட்டிருந்தார். ஏழாவது குறிப்பில், அந்த ஆய்வாளன் பெயருக்குக் கீழே, அவள் விரல் நின்றது.

"இதே செய்திகள் இவருடைய கட்டுரையிலும் உள்ளன. இவர் எங்கள் கிடங்கில் நான்கு நாள் தங்கி, என் நோட்டை வாங்கிச் சென்றார். திருப்பித் தரவில்லை. எங்களிடம் கேட்டு எழுதினேன் என்று இவர் எங்கும் சொல்லவில்லை."

"ஐயா, இது கொஞ்சம் காரமா இருக்கே. நோட்டு விஷயத்தை மட்டும் எடுத்துடலாமா?"

"எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதச் சொன்னீங்க. அங்கேருந்துதான் டீச்சர் வந்துச்சு."

"அவர் சண்டைக்கு வந்தா?"

"வரட்டும். நோட்டையும் எடுத்துட்டு வரட்டும்."

அவள் அந்தக் குறிப்பை இன்னொரு முறை படித்தாள். ஆய்விதழுக்குத் தானே ஒரு கடிதம் எழுதுவதாகவும், பதில் வராமலே போகலாம் என்றும் சொன்னாள். பிறகு முதல் பக்கத்தில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஏழாவது குறிப்பு அப்படியே இருந்தது.

எழுத்தாணி நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். படி இறங்கும்போது பொட்டலத்தின் பலகைப் பத்தி நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே இறங்கினார்.