ஒற்றைச் சிறகு அம்பு

அப்பாவுக்குப் போட உருப்படியாக ஒரு சட்டைகூட இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே மகள் அலமாரியின் கடைசித் தட்டைக் குடைந்தாள். கையில் சிக்கியது முடிச்சுப் போட்ட ஒரு காலுறை. உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு உருளையாக ஒரு கல், நாற்பத்தொன்று என்று எண் போட்டது.

அவளுக்கு உடம்பே பற்றிக்கொண்டு வந்தது. குப்பையில் போட்டாச்சு என்று அவர் சத்தியம் பண்ணிய கல் அல்லவா இது!

கூடத்தில் அண்ணன் யாரிடமோ சொன்னான். "தலைகீழு உள்ளதான் இருக்கா. சட்டையத் திருப்பிப் போட்டு விடாம இருந்தா சரி." இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவின் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

தலைகீழு. இருபத்து மூன்று வருடமாக இதுதான் அவள் பெயர்.

அப்பா பாறைக்கு வயது பார்க்கிறவர். ஏரியடியில் சேறு படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் திசைகாட்டி முள்ளைப் போல அன்றைய வடக்கைப் பார்த்து உட்காரும். சேறு பாறையானாலும் அந்தத் திசை மாறாது. பூமியின் காந்தமோ பல லட்சம் வருடங்களில் சில தடவை வடக்கு தெற்காகப் புரண்டிருக்கிறது. எந்த அடுக்கில் புரண்டது என்று கண்டுபிடித்தால் வயது தெரியும், தூரத்து மலையின் அடுக்கோடு பொருத்தியும் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, துளைத்த கல்லைப் பெயர்க்கும் முன்பே எது மேல் என்று அதில் அம்பு போட்டுவிட வேண்டும். அம்பு தலைகீழாக மாறினால் எல்லாம் கந்தல்.

நாற்பத்தொன்றாம் கல்லில் மாறிப்போனது. அந்தக் கல்லை நம்பி இரண்டு மலைக்கும் ஒரே வயது என்று அப்பா எழுதினார். வேறு ஆட்கள் போய்த் துளைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "அம்பு போட்டது என் பொண்ணு" என்று அவர் கைகழுவினார். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நான் போடலைப்பா என்று தலையால் அடித்துக்கொண்டாள். கல்லைக் காட்டுங்கள் என்றாள். கல் இல்லை என்றார். அவள் படிப்பு அத்தோடு போயிற்று. இப்போது ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறாள்.

கல்லை வெளிச்சத்தில் திருப்பினாள். அம்பு முனைக்கு ஒரே ஒரு சிறகு. அவள் இரண்டு பக்கமும் கோடு போடுவாள். ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிட்டுப் போகிற சோம்பேறித்தனம் அப்பாவுடையது. தெரிந்தேதான் ஒளித்து வைத்திருக்கிறார். பாவி மனுஷன், தூக்கி எறியவாவது செய்தாரா!

கதவைத் தட்டிக்கொண்டு அப்பாவின் பழைய மாணவர் வந்தார். இன்று அப்பா வேலை பார்த்த துறைக்கே தலைவர். கையில் ஒரு தாள்.

"பத்திரிகைக்கு இரங்கல் குறிப்பும்மா. நீதான் பிழை பாக்குறவளாச்சே, ஒரு பார்வை பாத்துடேன்."

ஐந்தாவது வரியில் அவள் இருந்தாள். 'உதவிக்கு வந்த மகளின் கவனக்குறைவால் நேர்ந்த ஒரு பிழை...'

"இதுல ஒரு தப்பு இருக்கு சார்."

"எழுத்துப் பிழையா?"

"ஆள் பிழை." கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது யாரு போட்ட அம்பு, சொல்லுங்க."

அந்த ஒற்றைச் சிறகைப் பார்த்தே வளர்ந்த ஆள். முகம் செத்துப்போயிற்று.

"பெரிய மனுஷன்மா. இன்னிக்குப் போயி இதெல்லாம்..."

"வேற என்னிக்கு? நாளைக்குக் கேட்டா எழுந்து வந்து பதில் சொல்வாரா?"

மாணவரின் கட்டைவிரல் அம்பைத் தேய்த்தது. எச்சில் தொட்டு மறுபடியும் தேய்த்தது.

"போகாது சார். அழியாத மை. கடை கடையா ஏறி எறங்கி வாங்கிட்டு வந்ததே நான்தான்."

கல்லைப் பிடுங்கிக்கொண்டாள். தாளில் 'உதவிக்கு வந்த மகளின்' என்பதை அடித்து, மேலே 'தன்னுடைய' என்று எழுதி நீட்டினாள்.

"இப்படியே போடுங்க. இல்லேன்னா கல்லோட உங்க ஆபீசுக்கு வருவேன்."

வெளுத்த நீலச் சட்டையை அப்பாவுக்கு மாட்டி, கடைசிப் பித்தானையும் அவளே போட்டாள். வண்டி வந்து நின்றது. தூக்க வந்தவர்களில் ஒருவர் கேட்டார். "தலை எந்தப் பக்கம் வரணும்?"

அண்ணன் விழித்தான். கல்லை மூடிய கையாலேயே அவள் வாசலைக் காட்டினாள்.

"அந்தப் பக்கம்."

சரிதானா என்று கேட்பதுபோல அண்ணன் மாணவரைப் பார்த்தான். மாணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காட்டிய பக்கமே திருப்பித் தூக்கினார்கள்.