ஆயில் தட்டில் கிடந்த மஞ்சள் துண்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்காக ஒரு கியர்பாக்ஸ் நாசமாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது என் மனைவி ஓட்டும் டாக்ஸியின் கியர்பாக்ஸ். (இதைப் படித்தால் அவள் என்னைத் தொலைத்துக்கட்டிவிடுவாள்.)

2

'மழை பெய்த அந்தக் காலையில், இரும்பின் இதயம்...'

சீ, வேண்டாம். மழையும் இல்லை, இதயமும் இல்லை. வாசலில் வண்டியைத் தூக்கி இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, அடியில் அவள் படுத்திருந்தாள். நான் டார்ச் பிடித்தேன். ஆட்டோமேட்டிக் வண்டி, சில நாளாக கியர் மாறும்போது வெடுக்கென்று இழுத்தது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் சரியாகலாம். உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் வண்டி அவ்வளவுதான், அவள் தொழிலும் அவ்வளவுதான்.

"டார்ச்ச என் மூஞ்சில அடிக்காதீங்க. போல்ட்டுல அடிங்க."

"கதை யோசிச்சிட்டிருந்தேன்."

"தலையில ஆயில் கொட்டினா இன்னும் நல்லா யோசனை வரும். கிட்ட வாங்க."

3

கியர்பாக்ஸின் அடித்தட்டு இறங்கியது. அதிலிருந்த காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு. அது வெறும் தேய்மானம், பயமில்லை. ஆனால் ஆயிலுக்குள் துழாவிய அவள் கை நின்றுவிட்டது. கட்டைவிரல் அளவில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு.

"போச்சு. உள்ள எதுவோ ஒடஞ்சிருச்சு."

அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.*

'அவள் அந்தத் துண்டை...'

* நான் ஆசைப்பட்ட திருப்பம் இதுதான். வந்ததும் டார்ச்சைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எழுத்தாளனாவது மண்ணாவது.

4

கியர்பாக்ஸ் வேலை பார்க்கும் அவள் அண்ணனுக்குப் படம் அனுப்பினோம். போனில் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"அட லூசுங்களா! அது மூடி. ஃபேக்டரியில ஆயில் அளவு பாக்குற குச்சி போடுற ஓட்டைய இதால அடைச்சு வெச்சிருப்பாங்க. அப்புறம் அந்தக் குச்சிக்கான குழாயச் சொருகும்போது உள்ள விழுந்துரும். கிடந்தா கிடக்கட்டும், ஒண்ணும் பண்ணாது."

"நிஜமாவாண்ணா?"

"சத்தியமா. அது இன்னும் உள்ள இருக்குன்னா, இதுவரைக்கும் ஒருத்தரும் அந்தத் தட்டக் கழட்டவே இல்லன்னு அர்த்தம். ஆயில் பழசாகித்தான் இழுத்திருக்கும். மாத்திட்டு ஓட்டிப் பாரு."

அப்பாடா! அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். ஆயில் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். சட்டை போனது போனதுதான். [இங்கே ஒரு நல்ல உவமை வர வேண்டும். வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.]

5

புது ஃபில்டர், புது ஆயில் போட்டாயிற்று. வண்டியைத் தரையில் இறக்கி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு, குச்சியில் அளவும் பார்த்தாயிற்று. அவள் கை கழுவும் இடைவெளியில் உள்ளே வந்து இதை எழுதுகிறேன். மூன்று முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் வண்டி வெண்ணெயாக ஓடுகிறது. ஒன்றில் பழையபடி இழுக்கிறது. மூன்றாவதில், தெருமுனையில்... அதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

ஹாரன் அடிக்கிறாள்.

"எழுதினது போதும், வந்து ஏறுங்க! நீங்க இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

தாள் பறக்காமலிருக்க மஞ்சள் மூடியை மேலே வைத்துவிட்டுப் போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள், வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம்.