அடைக்கச் சொன்ன புகைபோக்கி

கட்டோவிட்சே பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பில் முப்பத்தோரு வருஷமாகப் புகைபோக்கி சுத்தம் செய்கிறேன். என் கறுப்புச் சட்டையைக் கண்டால் எங்கள் ஜனங்கள் தங்கள் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொள்வார்கள், அதிர்ஷ்டமாம். அந்த அதிர்ஷ்டம் ஹில்டா அக்கா வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

அக்காவின் கணவர் அலோயிஸ் இருபத்தாறு வருஷம் நிலக்கரி வெட்டியவர். அந்தக் கரி இன்னும் அவர் நுரையீரலில் இருக்கிறது. போன மே மாதம் மானிய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: பழைய கரியடுப்பை இடித்துப் படம் அனுப்பினால், வீட்டைச் சூடாக்கும் மின்கருவிக்கு ஐரோப்பிய மானியம் கிடைக்கும். சுரங்கத்துக்காரனுக்கு எழுத்தில் வந்தால் அது உத்தரவு. மனுஷர் அன்றைக்கே இருமிக்கொண்டே அடுப்பை இடித்தார், தகடுகளைப் பழைய இரும்புக்குப் போட்டார், படமும் அனுப்பினார்.

ஜூலையில் சீர்திருத்தம் வந்தது. மானிய அலுவலகத்தையும் காற்று மாசு அலுவலகத்தையும் ஒன்றாக்கினார்கள், வேலை வேகமாக நடக்கவாம். புதிய அலுவலகம் எழுதியது: படம் செல்லாது, எங்கள் ஆள் நேரில் வந்து பழைய அடுப்பைப் பார்க்க வேண்டும். இடித்த அடுப்பை எங்கே போய்க் காட்டுவது? இதைக் கேட்டு அக்கா போட்ட நாலு கடிதத்துக்கும் பதில் இல்லை.

நவம்பரில் பனி கொட்டியது. அக்கா தோட்டக் கொட்டகையில் கிடந்த தகர அடுப்பைக் கொண்டுவந்து கணவரின் அறையில் மூட்டினாள். கடிதத்துக்கு அசையாத அலுவலகம் புகைக்கு மூன்றே நாளில் வந்து நின்றது. மேலே புகையை அளக்கும் டிரோன், கீழே டாவிட் என்ற அதிகாரி. புகைபோக்கியை அடைத்துச் சான்று எழுத என்னையும் வரச் சொல்லியிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கையும் பழக்கத்தில் தன் பித்தானைத் தேடியது.

"விளையாட்டுக்கா மூட்டினேன்? உள்ள படுத்திருக்காரு, வந்து பாருங்க" என்றாள் அக்கா.

"புரியுது மேடம். ஆனா மானியம் வேற பிரிவு. நான் புகைப் பிரிவு."

"இப்ப ரெண்டும் ஒரே ஆபீஸ்தானே?" என்றேன்.

"ஒரே ஆபீஸ்தான். வேற மாடி."

உள்ளிருந்து அலோயிஸ் இருமலுக்கு நடுவே சொன்னார்: "இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் சூடு குடுத்தேன் தம்பி. எனக்கு இந்த ஒரு குளிர்காலத்தைக் குடுக்கக் கூடாதா?"

டாவிட் படிவத்தை என்னிடம் நீட்டினார். நான் படிவத்தை வாங்கி, 'அடைக்க இயலாது' என்பதற்கு நேரே காரணம் எழுதினேன்: அடைத்தால் உள்ளே இருப்பவர் குளிரில் செத்துப்போவார்.

"இது தொழில்நுட்பக் காரணம் இல்ல. உங்க உரிமம் போயிடும்."

"போகட்டும். ஆளைக் கொல்றதுக்கா எனக்கு உரிமம் குடுத்தீங்க?"

பத்தே நாளில் எனக்குப் பதில் வந்தது. என் உரிமம் ரத்து. வியாழக்கிழமை வேறொருவர் வந்து அடைப்பார்.

வந்தவர் பக்கத்து ஊர் மாரெக். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அடுப்பைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். பிறகு படிவத்தில் நான் எழுதியதையே வார்த்தை மாறாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாவட்டத்தில் உரிமம் உள்ளவர்கள் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராக அனுப்பிப் பார்க்கட்டும்.