குலைக்குள் கார்த்திகேசு மாமா

கார்த்திகேசு மாமாவின் தலையைச் சுற்றி வர எனக்கு நாற்பத்தேழு புள்ளிகள் தேவைப்பட்டன. அவர் உயிரோடு இருந்தபோது அதே வேலையை நான் ஒரே சொல்லில் முடித்திருந்தேன்.

புள்ளிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல் எங்கேயும் ஓடிவிடாது. ஒன்பது வருடமாகத் தோட்டத்தில்தான் இருக்கிறது.

1989. கல்லூரி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து செம்பனைத் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தேன். கல்லூரியில் மாணவர் ஏட்டில் எல்லாரையும் கிண்டலடித்து எழுதுவது என் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு அல்ல. பத்தாங் பெர்ஜுந்தாய் பஸ் நிலையத்துக்கு எதிரே பாலன் அண்ணனின் அச்சகத்தில் விடுமுறை வேலை கிடைத்தது. அண்ணன் ஒரு கம்பியூட்டரும் ஸ்கேனரும் வாங்கி, இரண்டின் மேலும் மஞ்சள் துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். துண்டை எடுக்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு இங்கிலீஸ் தெரியும்ல? அப்ப இதுவும் தெரியும்," என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

அந்த யந்திரத்தில் கோடு போட்டுப் படம் வரையும் புரோகிராம் ஒன்று இருந்தது. ஒரு போட்டோவை நாம் வரைந்த எந்த வடிவத்துக்குள்ளும் அதில் அடைக்கலாம். புள்ளி புள்ளியாக வைத்து, கோட்டை இழுத்து வளைத்து, கடைசியில் முதல் புள்ளியிலேயே கொண்டுவந்து மூட வேண்டும். மூடாவிட்டால் எதுவும் நடக்காது. மூடிய பிறகு போட்டோவை உள்ளே ஒட்டச் சொன்னால், வடிவத்துக்குள் அடங்குவது மட்டும் கண்ணுக்குத் தெரியும். வெளியே இருப்பது அழிவதில்லை, மறைந்து நிற்கும். வடிவத்தை எடுத்துவிட்டால் முழுப் படமும் ஒன்றுமே நடக்காதது போல் திரும்பி வந்து நிற்கும். இந்தக் கடைசி விஷயத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகேசு மாமா இறந்த ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, அவர் மகன் சேது ஒரு போட்டோவோடு வந்தான். நானும் சேதுவும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. இப்போது அவன் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். பல வருடமாக என்னோடு அவன் அளந்துதான் பேசுவான்.

"கருமாதி கார்டு. அப்பா படம் மட்டும் வேணும். மத்தவங்க வேணாம்," என்றான்.

போட்டோவில் மாமா தோட்ட ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய்ச் செம்பனையின் முள் நிறைந்த குலைகளை இருபத்தைந்து வருடம் வெட்டியதற்குப் போன வருடம் கடிகாரம் கொடுத்தார்களாம், அன்றைக்கு எடுத்தது. பக்கத்தில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியும் இன்னும் நாலு பேரும். மாமா நெஞ்சை நிமிர்த்தியிருந்தார். தலையில் எதுவும் இல்லை. அடர்ந்த முடி எல்லாத் திசையிலும் முள்ளாக நின்றது.

"எந்த மாதிரி வெட்டணும்?"

"சும்மா முட்ட மாதிரி போதும் லா. எல்லா கார்டுலயும் போடுற மாதிரி."

அவன் போனான். நான் போட்டோவை ஸ்கேனரில் வைத்தேன். முட்டை வடிவம் இரண்டு நிமிட வேலை. முடித்தேன். பிறகு அந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லைச் சொல்லலாம். ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, மாலையில் பந்து விளையாடும் திடலைக் கடந்து மாமா சைக்கிளில் போவார். ஒருநாள் பையன்கள் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு நான் கத்தினேன்: "டேய், செம்பனக்குல சைக்கிள் ஓட்டுது பாருடா!" திடலே விழுந்து விழுந்து சிரித்தது. மறுவாரம் லோரிப் பையன்கள் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் தோட்டத்தின் மறுகோடியில், மூன்றாம் டிவிஷனில் என்னைத் தெரியாதவர்களும் சொன்னார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். நான் எழுதி வெளிவந்த முதல் படைப்பாக அதை மனதுக்குள் வைத்திருந்தேன்.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை காலையில் முட்டையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, புதுத் தாளில் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். மேலே தடித்த காம்பு. அதிலிருந்து இருபுறமும் முள், பிறகு பழம், முள், பழம். முடியின் ஒவ்வொரு சிலும்பலும் குலையின் ஒரு முள்ளில் போய் முடியும்படி கோட்டை இழுத்தேன். கீழே தாடையைச் சுற்றி வந்து நாற்பத்தேழாவது புள்ளியை முதல் புள்ளியில் மூடினேன். போட்டோவை உள்ளே ஒட்டச் சொன்னேன். மாமா குலைக்குள் வந்து உட்கார்ந்தார். அவ்வளவு சுத்தமான வேலையை அந்த யந்திரம் அதுவரை பார்த்ததில்லை. நான் தனியாகச் சிரித்தேன். செத்து ஐந்து நாள் ஆன மனிதரைப் பார்த்துச் சிரித்தேன் என்று அப்போது தோன்றவில்லை. வேலை நன்றாக வந்ததற்குச் சிரித்ததாகத்தான் தோன்றியது.

கல்லூரி நண்பர்களுக்குக் காட்டலாம் என்று அதையும் அச்செடுத்தேன். இரண்டு தாளையும் மேசையில் விட்டுவிட்டு, கோலசிலாங்கூரில் பந்து விளையாட்டுப் பார்க்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை வந்தபோது கார்டுகள் அடுக்காக இருந்தன. முந்நூறு. மேலே "சிவமயம்." நடுவே குலை. குலைக்குள் மாமா. கீழே, பாலன் அண்ணன் கையால் எழுத்துக் கோத்த வாசகம்: அன்னாரின் ஆத்ம சாந்திக்காக.

"அண்ணே," என்றேன். ஒரு கார்டை எடுத்து நீட்டினேன்.

"என்னாடா அண்ணே? அந்த முட்டையவா போடுவேன்னு நெனச்ச? இவ்வளவு கஷ்டப்பட்டு ஒவ்வொரு முள்ளா வெட்டியிருக்க. பாத்தவுடனே புரிஞ்சிக்கிட்டேன். குலவெட்டுக்காரனுக்குக் குல! மூள லா ஒனக்கு!" என்று என் முதுகில் தட்டினார்.

அந்த நிமிடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். கார்டு இன்னும் கடையை விட்டுப் போகவில்லை, முட்டை வடிவம் யந்திரத்தில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அண்ணன் ஒரு வாரம் என்னைத் திட்டியிருப்பார். ஆனால் ஏன் வரைந்தாய் என்று கேட்பார். எல்லாரையும் பற்றி எழுதுகிற எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. கார்டுகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி ரப்பர் போட்டேன். கட்டு கோணாமல் இருக்க வேண்டும் என்பதில் அன்றைக்கு மிகவும் கவனமாக இருந்தேன்.

கார்டை வாங்க வந்தது சேது அல்ல. மாமாவின் மனைவி வேலம்மா அத்தை பஸ் பிடித்துத் தானே வந்திருந்தார். ஒரு கார்டை உருவி எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குப் போய், தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே பிடித்துப் பார்த்தார். அத்தைக்குக் கண்பார்வை சரியில்லை. நான் அந்தக் கண்ணை நம்பி நின்றேன்.

"தம்பி, இது குலதான?"

"ஆமா அத்த."

"இது காம்பு."

"ஆமா."

அத்தை கார்டோடு என் பக்கம் திரும்பினார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். விழுந்திருந்தால் இந்தக் கதையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள், நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"இருவத்தாறு வருசம்யா," என்றார். "அண்ணாந்து அண்ணாந்து வெட்டி கழுத்தே திரும்பாது அவருக்கு. அந்தக் குலைக்குள்ளயே உக்கார வச்சிட்டியே சாமி. ஆபீஸ்ல ஒரு கடிகாரத்தக் குடுத்துட்டு விட்டுட்டானுங்க. ஒனக்குத்தான் தோணியிருக்கு. எப்டிய்யா தோணிச்சி?"

பாலன் அண்ணன் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"ஏதோ தோணிச்சி அத்த," என்றேன்.

அத்தை என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கருமாதிக்கு வரமாட்டேன் என்று சொல்ல மூன்று காரணங்கள் தயாரித்தேன். எங்கள் வீட்டில் எதுவும் செல்லுபடியாகவில்லை. போனேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். மேசையில் விளக்கு, விளக்குக்குப் பின்னால் மாலை போட்டு, அட்டையில் ஒட்டிய என் குலை. நுழைந்ததுமே அத்தை என்னைக் கைப்பிடித்து, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இந்தத் தம்பிதான். அவுரு மேல அவ்வளவு மரியாத."

மண்டோர் தலையசைத்தார். "படிச்ச புள்ளைங்க இப்படி இருக்கணும். இவனுங்களும் இருக்கானுங்களே." அவர் பார்த்த திசையில் கடைசி வரிசையில் நாலு லோரிப் பையன்கள் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். தோட்டத்தில் என் படைப்பைச் சரியாகப் புரிந்துகொண்ட வாசகர்கள் அவர்கள் மட்டும்தான்.

இலையில் வடை வைத்தது சேது. "சாப்ட்டு பின்னால வா," என்றான்.

வடையை விழுங்கிவிட்டுப் போனேன். லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே அவன் நின்றான். மழித்த தலை. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், விரும்பினேன்.

"நான் முட்டதான கேட்டேன்?"

"சேது, அது சும்மா ஒரு... அண்ணன் தெரியாம எடுத்து..."

"தெரியும் லா. நீ வேணும்னு அச்சடிக்க மாட்ட. அவ்வளவு தைரியம் ஒனக்குக் கெடயாது." மழித்த தலையைத் தடவினான். "அப்பா எப்பருந்து தொப்பி போட ஆரம்பிச்சாருன்னு தெரியுமா?"

மாமா என்றால் எல்லாருக்கும் அந்தப் பச்சைத் தொப்பிதான் ஞாபகம் வரும். வெயிலுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"நாம ஆறாவது படிக்கறப்ப," என்றான். "ஊட்டுக்குள்ளயும் கழட்ட மாட்டாரு. அம்மா கேட்டா, தல குளிருதும்பாரு. நம்ம வெயில்ல எவனுக்கு லா தல குளிரும்? கடிகாரம் குடுத்த அன்னிக்கு, போட்டோக்காரன் தொப்பியக் கழட்டுங்கன்னான். மொதல்ல முடியாதுன்னாரு. எல்லாரும் சொன்னவுடனே கழட்டுனாரு. அந்தப் படந்தான் ஒங்கிட்ட குடுத்தேன்."

நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன்.

"கத்துனது நான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன், ஒன்ன அடிக்கப் போறேன்னு. வேணான்னுட்டாரு. நல்லா படிக்கிற பையன், வாய் இருக்கு, பொழச்சிக்குவான், உடுன்னாரு."

மாமாவுக்கு என்னைப் பற்றி இருந்தது இந்த ஒரு கருத்துதான். ஏட்டில் நான் எழுதிய எதையும் அவர் படித்ததில்லை.

"அத்தகிட்ட சொல்லிடுறேன், சேது. இப்பவே போய் மன்னிப்பு கேக்குறேன்."

"கேட்டு?" அவன் குரல் அப்போதுதான் முதல்முறையாக உயர்ந்தது. "நீ சொல்லிட்டு கேஎல் பஸ் ஏறிடுவ. அம்மா அந்தக் கார்டப் பாத்துட்டு இங்க உக்காந்திருக்கணும். அவங்களுக்கு அந்தப் பட்டப்பேரே தெரியாது. தெரியவும் கூடாது. வாய மூடிக்கிட்டு இரு. நீ வாய மூடி நான் ஒருநாள்கூட பாத்ததில்ல, இதுக்காவது மூடு."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அத்தை இன்னொரு வடை வைக்கச் சொன்னார்.

கருமாதி முடிந்து வந்த திங்கட்கிழமை சேது அச்சகத்துக்கு வந்தான். "முழுப் படத்தையும் காட்டு. எனக்கொன்னு அச்சடிச்சிக் குடு. வெட்டாம," என்றான். மூலப் போட்டோவை அத்தை பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

குலையைத் திறந்தேன். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கச் சொன்னேன். ஒரே நொடியில் காம்பும் முள்ளும் வெறும் கோடாகி ஒதுங்கிக்கொண்டன. ஆபீஸ் வாசல் வந்தது, கிராணி வந்தார், நாலு பேர் வந்தார்கள். மாமாவின் கைகள் வந்தன. இடது மணிக்கட்டில் புதுக் கடிகாரம். வலது கையில், தொடையோடு ஒட்டி, போட்டோவில் தெரியக்கூடாதென்று பாதி முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி, அந்தத் தொப்பி. புள்ளி வைக்கும்போது அதை நான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு முடி மட்டும்தான் தேவைப்பட்டிருந்தது.

சேது திரையில் அந்தத் தொப்பியைத் தொட்டான். "ம். இதான்," என்றான்.

அச்செடுத்துக் கொடுத்தேன். மடிக்காமல் சட்டைக்குள் செருகிக்கொண்டான். போவான் என்று நினைத்தேன், போகவில்லை.

"அம்மா ஒன்னு கேட்டாங்க. குலைப் படத்தையே பெருசா போட்டு, கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டணுமாம். வர்றவங்க எல்லாரும் பாக்கணுமாம்."

"செய்றேன்."

"இன்னொன்னு. படம் வரையறவங்க கீழ பேரு போடுவாங்கல்ல? ஒன் பேரு போடச் சொன்னாங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் கேலி இல்லை. அவனுக்கு அது வராது, அது என் தொழில்.

"வேணாம் சேது."

"போடு."

போட்டோவைத் திரும்பவும் குலைக்குள் ஒட்டினேன். கடிகாரம் போனது, தொப்பி போனது. கீழே வலது ஓரத்தில் என் பெயரை, தேவதாஸ் என்று, அந்த யந்திரத்தால் முடிந்த மிகச் சிறிய எழுத்தில் அடித்தேன். ஏட்டில் என் பெயர் ஒரு புள்ளி சிறிதாக வந்தால்கூட ஆசிரியரிடம் சண்டைக்குப் போகிறவன் நான்.

சேது குனிந்து திரையைப் பார்த்தான்.

"பெருசா போடு லா," என்றான். "அம்மாவுக்குக் கண்ணு சரியா தெரியாது."